ஜோடி நட்சத்திரம் செய்யும் குளறுபடி

கேள்வி: குள்ள கேலக்ஸிகளில் பெரும்பகுதி கரும்பொருள்தான் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்) என்கிறார்கள். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் இருந்தால் அந்தக் கணக்கே தப்பாகிவிடுமாமே, நிஜமா?

பதில்: எல்லாக் கணக்கும் தப்பாகாது. ரொம்பக் குட்டி கேலக்ஸிகளில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

கேலக்ஸியைத் தராசில் வைக்க முடியாது. அதனால் அதிலுள்ள நட்சத்திரங்களின் நிறமாலையை எடுத்து, கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் நம்மை நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்று கணக்கிடுகிறார்கள். இந்த வேகங்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை வைத்துத்தான் நிறை. சிதறல் அதிகம் என்றால் அவற்றைப் பிடித்துவைக்க ஈர்ப்பும் அதிகம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் அதற்குப் போதாவிட்டால் மிச்சத்தைக் கரும்பொருள் கணக்கில் எழுதுகிறார்கள்.

சூரியன் அளவு நிறையுள்ள இரண்டு நட்சத்திரங்கள், நடுவே பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 21 கி.மீ. வேகத்தில் சுற்றும். செக்வே 1 என்ற குள்ள கேலக்ஸியிலோ மொத்தச் சிதறலே நொடிக்கு 4 கி.மீ.கூட இல்லை! அவ்வளவு தொலைவில் ஜோடி ஒரே புள்ளியாகத்தான் தெரியும், அது தன் துணையைச் சுற்றும் வேகமும் கேலக்ஸிக்குள் போகும் வேகமும் கலந்தேதான் நமக்குக் கிடைக்கும். போதாக்குறைக்கு, நிறை சிதறலின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிதறலை இரண்டு மடங்காக நினைத்துவிட்டால் நிறை நான்கு மடங்காகிவிடும்.

டிரயாங்குலம் 2 என்ற இன்னொரு குட்டி கேலக்ஸியில் இதுதான் நடந்தது. 2015இல் ஆறே ஆறு நட்சத்திரங்களை அளந்து, சிதறல் நொடிக்கு சுமார் 5 கி.மீ., கரும்பொருள் எக்கச்சக்கம் என்றார்கள். திரும்ப அளந்தபோது ஒரு நட்சத்திரத்தின் வேகம் மாறியிருந்தது, அதாவது அது ஜோடி. 2017இல் வந்த திருத்தத்தில் சிதறலுக்கு உச்சவரம்பு மட்டும்தான் மிஞ்சியது: சுமார் 3.4 கி.மீ. ஆறு பேரில் ஒருவர் பொய் சொன்னால் வேறென்ன ஆகும்?

சரி, எல்லாவற்றையும் மறுபடி அளந்துவிடலாமே என்றால், அதே ஜோடிக்கு நடுவே உள்ள தூரம் பத்து மடங்காக இருந்தால் ஒரு சுற்றுக்கு 22 வருடம் ஆகும். வேகமோ இன்னும் 6, 7 கி.மீ. இருக்கும், ஆனால் ஒரு வருட இடைவெளியில் பெரிதாக மாறாது. இப்படி நழுவுபவற்றைப் புள்ளியியல் மாதிரிகள் வைத்துத்தான் கழிக்க வேண்டியிருக்கிறது.

டிராகோ போன்ற கொஞ்சம் பெரிய குள்ளர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே சிதறல் சுமார் 9 கி.மீ., அளந்த நட்சத்திரங்களும் நூற்றுக்கணக்கில், ஜோடிகளைக் கழித்தாலும் பெரிதாக அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1983இல் மார்க் ஆரன்சன் என்ற வானியலாளர் அதே டிராகோவில் வெறும் மூன்று நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு கரும்பொருள் இருக்கலாம் என்று சொன்னார், அது நிலைத்துவிட்டது.