ஏர்லி டெசிஷன் ஒத்திவைக்கப்பட்ட பிறகு செய்ய வேண்டியவை

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஏர்லி டெசிஷன் முறையில் (முன்கூட்டியே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர ஒப்புக்கொள்ளும் முறை) விண்ணப்பித்த உங்கள் மகளுக்கு டிசம்பர் நடுவில் ஒத்திவைப்புக் கடிதம் வந்ததையும், அதன்பின் அவர் மற்ற விண்ணப்பங்களைத் தொடவே மறுப்பதையும் படித்து வருந்தினேன்.

இது மறுப்பு அன்று. அவருடைய விண்ணப்பம் வழக்கமான சுற்றுக்கு மாற்றப்பட்டு மீண்டும் பரிசீலிக்கப்படும். முடிவு பெரும்பாலும் மார்ச் இறுதிவாக்கில் வரும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடும் பொதுவாக இத்துடன் நீங்கிவிடுவதால், பல கல்லூரிகள் தரும் நிதியுதவியை ஒப்பிட்டு மே 1-க்குள் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. செலவை எண்ணும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமில்லை.

இரண்டு நாள் அவரை அழ விடுங்கள், அறிவுரை வேண்டாம். ஆனால் பல கல்லூரிகளின் கடைசித் தேதி ஜனவரி 1-ஐ ஒட்டி வருவதால், அதற்குமேல் தள்ளிப்போட இயலாது.

ஒத்திவைத்த கல்லூரி எதை ஏற்கும் என்பதை அதன் கடிதத்திலேயே பாருங்கள்: எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் பிப்ரவரியில் தனிப் படிவம் கேட்கிறது, சில கல்லூரிகள் கூடுதலாக எதையும் அனுப்பாதீர்கள் என்கின்றன. உங்கள் மகள் கடிதம் அனுப்புவதை அக்கல்லூரி ஏற்குமானால், விண்ணப்பித்த நவம்பருக்குப் பின் நிகழ்ந்த புதியவற்றையும் இன்னும் அங்கே சேர விரும்புவதையும் ஒரு பக்கத்துக்குள் அவரே எழுதட்டும். அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி ஆலோசகர் அனுப்பிவிட்டாரா என்று பிப்ரவரியில் மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சேர்க்கை அலுவலகத்தை அழைப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள்.