ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் அடுத்துக் கற்க வேண்டியது

அன்புள்ள மாணவருக்கு,

கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் நன்றாக எழுத வரும் நிலையில், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபிள் போன்ற தானியக்க மென்பொருளையும் கற்கத்தான் வேண்டுமா, அப்படியானால் இதுவரை கற்றது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. ஆனால், சர்வர் நிர்வாகப் பணிக்கான நேர்காணலில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஸ்கிரிப்ட் எழுதும் திறன் மட்டுமல்ல. நாற்பது சர்வர்களிலும் இருப்பது ஸ்கிரிப்டின் ஒரே பதிப்புதான் என்று உறுதியாகச் சொல்லும் திறனும்கூட. அவசரத்துக்கு ஒரு சர்வரில் நுழைந்து ஒரு வரியைத் திருத்தியவர் மற்றவற்றை மறந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து எது அசல் என்று யாருக்கும் தெரியாது.

இச்சிக்கலுக்கு 1993இல் வந்த சிஎஃப்எஞ்சின் தொடங்கி பப்பெட், செஃப், சால்ட் எனப் பல கருவிகள் உண்டு. தொடக்கநிலையினருக்கு நான் அன்சிபிளையே பரிந்துரைப்பேன். நிர்வகிக்கப்படும் சர்வரில் தனி ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் துணை மென்பொருள்) எதையும் நிறுவாமல் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைஇணைப்பு வழியாகவே அது வேலை செய்வதால், உங்கள் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் (மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகள்) இருந்தாலே பயிற்சிக்குப் போதும்.

நீங்கள் ஏற்கெனவே எழுதிய காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் ஒன்றை கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் இடம்) வையுங்கள். அதை இரு இயந்திரங்களுக்கும் கோப்பை நகலெடுக்கும் காப்பி மாட்யூல் மூலம் அனுப்பும் சிறு பிளேபுக்கை (அன்சிபிளுக்கான பணிப்பட்டியல் கோப்பு) எழுதி, இரண்டு முறை இயக்குங்கள். இரண்டாம் முறை, மாற்றங்களின் எண்ணிக்கை 0 என்று வர வேண்டும். பிறகு ஓர் இயந்திரத்தில் மட்டும் ஸ்கிரிப்டைக் கையால் திருத்திவிட்டு, செக் (ஒத்திகை மட்டும்), டிஃப் (வேறுபாட்டைக் காட்டு) ஆகிய இரு தெரிவுகளுடன் பிளேபுக்கை இயக்கினால், எந்த வரி விலகியிருக்கிறது என்பதை எதையும் மாற்றாமலே அது காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு பயிற்சி, பத்து காணொளிகளைப் பார்ப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

பிளேபுக்கில், கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பதைக் குறிக்கும் அனுமதி எண்ணில் கவனம் தேவை. மேற்கோள் குறிக்குள் 0755 என்று எழுதுவதற்குப் பதிலாக வெறுமனே 755 என்று எழுதினால், அது தசம எண்ணாகக் கொள்ளப்பட்டு, அனுமதிகளுக்குப் பயன்படும் எண்மமுறையில் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 1363 ஆகிவிடும். கோப்பின் உரிமையாளருக்கே அதைப் படிக்கும் அனுமதி இருக்காது. ஸ்கிரிப்டை நேரடியாக இயக்கும் ஸ்கிரிப்ட் மாட்யூலும் உண்டு. ஆயினும் உள்ளே என்ன நடக்கிறது என்பது அன்சிபிளுக்குத் தெரியாததால், கிரியேட்ஸ் (குறிப்பிட்ட கோப்பு ஏற்கெனவே இருந்தால் இயக்காதே) போன்ற நிபந்தனை கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அது ஸ்கிரிப்டை மீண்டும் இயக்கும். ஒருமுறை மட்டுமே ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் அப்படி ஓடினால் ஏற்படும் சேதத்தை நீங்களே ஊகிக்கலாம்.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அன்சிபிளை 2015இல் வாங்கிய ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஇ (ரெட் ஹேட் சான்றுபெற்ற பொறியாளர்) தேர்வு, அதன் லினக்ஸ் 8ஆம் பதிப்புக் காலத்திலிருந்து அன்சிபிளையே மையமாகக் கொண்ட செய்முறைத் தேர்வாக இருக்கிறது. அத்தேர்வை எழுதும் முன்னரே, மேற்சொன்ன களஞ்சியத்தைப் பிறருக்குக் காட்டும் அளவுக்கு ஒழுங்குபடுத்துங்கள். கடவுச்சொற்களை அன்சிபிளின் மறையாக்க வசதியான அன்சிபிள் வால்ட்டில் மறையாக்கம் செய்து வையுங்கள். தெரியாமல் கமிட் செய்துவிட்ட (களஞ்சியத்தில் பதிந்துவிட்ட) கடவுச்சொல், கோப்பிலிருந்து நீக்கிய பின்னும் கிட் வரலாற்றில் நிற்கும் என்பதால், அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிய பிறகே களஞ்சியத்தைப் பொதுவில் வெளியிடுங்கள்.