திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ. நேரம் என்றால், அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். வானத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

இந்தத் தடத்தில் இண்டிகோ ஓட்டுவது ஏடிஆர் 72, அதாவது விசிறி வைத்த சின்ன விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். மேலே ஏறி அந்த வேகத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் அட்டவணைக் கணக்கில் சேரும். இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும், சன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அதிராம்பட்டினம் பக்கத்தில் கரையைத் தாண்டும், அப்புறம் ஏறக்குறைய 90 கி.மீ. கடல், உடனே யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி. திருச்சிக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்பைவிடத் திருச்சி கிட்ட. என் அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், நான் திருச்சியில். அவரைப் பார்க்க முன்பெல்லாம் 400 கி.மீ.க்கு மேல் தெற்கே கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து இரவு பஸ்ஸில் ஏறக்குறைய அதே தூரம் வடக்கே திரும்பி வர வேண்டும். வயதானவர்களை அப்படி அழைத்துப் போவது பெரிய கொடுமை.

இந்த வான்வழி புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சிக்கு நேரடிச் சேவை 2025 மார்ச் கடைசியில்தான் வந்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.

சரி, வீட்டிலிருந்து வீடு என்று கணக்குப் போட்டால் அரை நாள் ஒதுக்குங்கள். பறப்பது கொஞ்ச நேரம் என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். குடியகல்வு, சுங்கம் எல்லாம் உண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இலங்கைக்கான பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன விமானம் என்பதால் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் 17 கி.மீ. போல வரும், ஆட்டோவிலோ காரிலோ அரை மணி நேரம்.

சாமான் அதிகம் என்றால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலையும் பாருங்கள். கடலில் நான்கு மணி நேரம் போல ஆகும். பருவமழைக் காலத்தில் மட்டும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.