நைடார்ஃப் வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று ஆண்டுகளாகச் சதுரங்கம் ஆடுகிறாள். கறுப்புக் காய்களோடு ஆடும்போது பயன்படும் என்று, சிசிலியன் நைடார்ஃப் என்ற தொடக்கத்தை, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளின் வரிசையைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர். விலை 1,900 ரூபாய். எங்களுக்கு அது பெரிய தொகை. வாங்கலாமா?

சு., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சு.,

இப்போதைக்கு வேண்டாம். நைடார்ஃபைக் குறை சொல்லவில்லை. உலகச் சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் நம்பி ஆடிய தொடக்கம் அது. ஆனால் அந்தப் புத்தகம் ஆரம்பிக்கவே இருவரும் ஐந்து நகர்வுகளைச் சொல்லிவைத்தாற்போல் ஆடியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ பள்ளிக்கூட மண்டபத்தில் எதிரே வந்து உட்காரும் பையன் அப்படியா ஆடுகிறான்? இரண்டாவது நகர்வில் மந்திரி, மூன்றாவதில் ராணி, அடுத்ததில் செக்மேட் என்று கனவு காண்கிறான். அவனுக்கான பதில் அந்தப் புத்தகத்தில் இருக்காது.

முதலில் மகளின் கடைசி இருபது தோல்விகளை எடுங்கள். குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் போட்டிகளில் நகர்வுகளை எழுதும் கட்டாயம் இல்லை, எழுதியிருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும், சட்டை மாற்றுவதற்கு முன்பே, பலகையைப் போட்டு நினைவிலிருந்து ஆடிக்காட்டச் சொல்லுங்கள். எங்கே கை தடுமாறுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்படிப் பன்னிரண்டு தோல்விகளைப் பார்த்தேன். தொடக்கத்தால் தோற்றது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பெரும்பாலும், எதிராளியின் குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கியதை அவன் பார்க்கவே இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனது பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வால். எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். தொடக்கமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்போது ராஜாக்களைத் தவிர ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள், அவ்வளவுதான் மிச்சம்.

தோல்விகளைப் பார்த்த பிறகும் தொடக்கத்தில்தான் கோளாறு என்று தெரிந்தால், கடையில் நின்று புரட்டுங்கள். அவளுக்கு எதிராக உண்மையில் ஆடப்பட்ட நகர்வைத் தேடுங்கள். கிளைகிளையாக நகர்வுகள் மட்டும் அச்சாகி, ஏன் என்று சொல்லும் பத்தியே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். வெளியான ஆண்டையும் பாருங்கள். நைடார்ஃபில் பத்து வருடம் என்பது தாத்தா காலம். பழைய மூர் மார்க்கெட்டில் சிறுவனாக நான் வாங்கிய புத்தகத்தில், ஒரே கட்டத்துக்கு வெள்ளையின் பக்கமிருந்து ஒரு பெயர், கறுப்பின் பக்கமிருந்து வேறு பெயர். அந்தக் குறியீட்டைப் படிக்கவே ஒரு கோடை விடுமுறை போயிற்று.

என்னிடமும் ஒரு நைடார்ஃப் புத்தகம் இருக்கிறது, முப்பதாம் பக்கத்துக்கு மேல் ஒரு மடிப்புகூட விழாமல். உங்கள் மகளுக்குத் தேவைப்பட்டால் அதையே தருகிறேன்.