தட்டினால் பொக்குச் சத்தம், மூலையில் நிற்கும் தண்ணீர்: கான்ட்ராக்டரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் எழும் தகராறுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: மாடி பாத்ரூமில் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தோம். இரண்டு மாதத்துக்குள் கீழ் அறையின் கூரையில் ஈரத் திட்டு வந்துவிட்டது. தரை டைல்ஸில் பாதியைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறது, ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறது. “டைல்ஸ் இடுக்கில் மறுபடி க்ரௌட் (இடுக்கை நிரப்பும் கலவை) போட்டால் சரியாகிவிடும், பாக்கியைக் கொடுங்கள்” என்கிறார் கான்ட்ராக்டர். பாக்கியைக் கொடுக்கலாமா? வேறு கொத்தனாரை வைத்து உடைத்துப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் உடைக்க வேண்டாம். தரையைப் பெயர்த்துவிட்டால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சி அதோடு போய்விடும். “நான் போட்டது நன்றாக இருந்தது, நீங்கள் கை வைத்துதான் கெட்டது” என்று அவர் சொன்னால் மறுக்க வழியிருக்காது. முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ‘வேலை சரியில்லை’ என்று சொன்னால் அது வாக்குவாதமாகத்தான் வளரும். காரணமும் அளவும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

பாத்ரூமை இரண்டு மூன்று நாள் பயன்படுத்தாமல் காயவிடுங்கள். கீழே ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படமெடுங்கள். திட்டுக்குப் பக்கத்தில் விளக்கோ மின்விசிறியோ இருந்தால் அந்த இணைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு நான்கு சோதனைகள், இதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலாவது, தண்ணீர் வரும் குழாய். எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் குழாயில் கசிவு. மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீடுகளில் மீட்டர் இதைக் காட்டாது. பிளம்பரை வைத்து பிரஷர் கேஜ் பொருத்தி, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, கழிவுநீர்க் குழாய். தரை நனையாமல் ஒரு ஹோஸை நேராக வடிகால் வாய்க்குள் விட்டு 15 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். இதில் மட்டும் கீழே ஈரம் வந்தால் ட்ராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வடிகால் வளைவு) அல்லது குழாய் இணைப்பில் கோளாறு. தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சான வாட்டர்ப்ரூஃபிங்கைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். வடிகால் வாயை அடைத்து, தரையில் 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்குங்கள். வாசல் படியைத் தாண்டக் கூடாது. சுவர் ஓரத்தில் டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சாயப்பொடி கலந்தால் கீழே வருவது இதே தண்ணீர்தானா என்பதில் சந்தேகம் இருக்காது. கீழ் அறையை அவ்வப்போது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கசிவு தெரிந்ததும் தண்ணீரை வடித்துவிடலாம். நான்காவது, தரையில் தேங்கவிடாமல் ஷவரைச் சுவரில் மட்டும் அடிப்பது. முன் மூன்றிலும் வராத ஈரம் இதில் வந்தால் குறை சுவரில் இருக்கிறது. கான்ட்ராக்டரையும் கூப்பிட்டு அவர் முன்னால் இவற்றைச் செய்வது நல்லது. அவர் வராவிட்டால், அழைத்த செய்தியைப் பத்திரப்படுத்திவிட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கிய தண்ணீர்தான் கீழே இறங்குகிறது என்றால், மறுபடி க்ரௌட் போடுவது தீர்வே ஆகாது. சிமென்ட் க்ரௌட் தண்ணீரைத் தடுக்கும் பொருள் இல்லை. அதுவே ஈரத்தை உறிஞ்சும். டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான் தண்ணீரை நிறுத்த வேண்டும். புது க்ரௌட் போட்டால் சில வாரம் கசிவு குறைந்தது போல் தெரியும், அந்த நம்பிக்கையில் பாக்கியும் போய்விடும். பிறகு அதே திட்டு வரும். பூச்சு பெரும்பாலும் தோற்பது மூன்று இடங்களில்: தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய்கள் துளைத்து வரும் இடம், வடிகால் வாயின் விளிம்பு.

பொக்குச் சத்தத்துக்கு வருவோம். மரக் கைப்பிடியால் ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டி, பொக்கானதைச் சாக்பீஸால் குறித்து, முழுத் தரையும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் சத்தம் மாறுவதை மட்டும் வைத்து வேலையே மோசம் என்று சொல்லிவிட முடியாது. அடியில் கலவை தடிமனாக இருந்தாலும் சத்தம் மாறும். ஆனால் பாதித் தரை பொக்கு என்றால், ஐந்து உருண்டைக் கலவையை வைத்து டைலை அழுத்திவிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. ஈரம் படும் இடத்தில் டைலின் பின்பக்கத்தில் 95 சதவீதமாவது ஒட்டுக் கலவை படிந்திருக்க வேண்டும். ஈரம் படாத அறைகளில் 80 சதவீதம். உருண்டைகளுக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், பாரம் விழும்போது மூலை உடையும். இருவரும் இருக்கும்போது ஒரே ஒரு டைலைப் பெயர்த்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் இந்த விவாதம் முடிந்துவிடும். அந்த டைலைப் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது, மூலையில் நிற்கும் தண்ணீர். தரை வடிகால் நோக்கிச் சரியும் அளவான வாட்டத்தை ரசமட்டத்தால் அளக்கலாம். ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் வைத்து, வடிகால் பக்க முனையைக் குமிழி நடுவில் வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் வாட்டம். குளிக்கும் இடத்தில் மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். வாட்டம் இல்லாத தரைக்கு மேல்பூச்சாக எந்தச் சிகிச்சையும் கிடையாது, அந்தப் பகுதியைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் கையில் வந்த பிறகு கடிதம் எழுதுங்கள். ஒரு குறைக்கு ஒரு பத்தி. இப்படி இருந்தால் போதும்: “குளிக்கும் இடம், ஜன்னல் பக்க மூலை: ஷவர் நிறுத்தி 1 மணி நேரத்துக்குப் பிறகும் 4 மி.மீ. தண்ணீர் நிற்கிறது. வாட்டம் மீட்டருக்கு 6 மி.மீ. ஒப்பந்தம் பக்கம் 2-இல் வடிகால் நோக்கி வாட்டம் என்று உள்ளது. படம் 7, 8. தேவை: அப்பகுதியைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, வாட்டத்தோடு மறுபடி அமைத்தல்.” ஏமாற்று, மோசடி போன்ற சொற்களைச் சேர்க்காதீர்கள். அவர் வந்து பார்க்க ஒரு தேதி, வேலையைத் தொடங்க ஒரு தேதி, முடிக்க ஒரு தேதி கொடுங்கள். தொடங்குவதற்கு 14 நாள் என்பது பொதுவாக நியாயமான அவகாசம். குறையைத் திருத்த வாய்ப்புக் கொடுக்காமல் வேறு ஆளை வைத்துச் செய்துவிட்டால், பிறகு அந்தச் செலவைக் கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இனி பணம். முழு பாக்கியையும் மொத்தமாக நிறுத்துவதில் ஆபத்து உண்டு. ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று அவர் திருப்பிச் சொல்லக்கூடும். குறைகளைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று தொடர்பில்லாத இருவரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, தகராறு இல்லாத வேலைக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ‘இது இறுதிக் கணக்குத் தீர்வாகாது’ என்று எழுதிக் கொடுங்கள். பணத்தை நிறுத்துவது பற்றி ஒப்பந்தத்தில் விதி இருந்தால் அதன்படியே போக வேண்டும். ‘வேலை திருப்தியாக முடிந்தது’ என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கான்ட்ராக்டர் தவறை ஒப்புக்கொண்டு மறுபடி செய்து தருகிறேன் என்கிறார். அதே ஆட்கள்தான் வருவார்கள். இந்த முறையும் கெட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: எந்தெந்தக் கட்டத்தில் வேலை நிற்க வேண்டும் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்து, படமெடுத்த பிறகே அடுத்த கட்டம். மூடிய பிறகு எதுவும் தெரியாது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெயர்த்து முடித்ததும் முதல் நிறுத்தம். பழைய கலவை, தூசி எல்லாம் போய் அடித்தளம் கெட்டியாகத் தெரிய வேண்டும். தூசி மேல் பூசிய வாட்டர்ப்ரூஃபிங் படலமாக உரிந்து வரும். குழாய்களை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை. பூச்சில் இரண்டு கோட் வேண்டும். முதல் கோட் ஒரு திசை, காய்ந்த பிறகு இரண்டாவது அதற்குக் குறுக்கே. மூலைகளில் வலை நாடா வைத்திருக்க வேண்டும். குளிக்காத பக்கச் சுவரிலும் 150 மி.மீ. உயரத்துக்குப் பூச்சு ஏற வேண்டும், ஷவர் சுவரில் ஆள் உயரம் வரை. பூச்சு எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். அதைப் படித்து, அத்தனை நேரம் காத்திருங்கள். காய்ந்ததும், ஒரு டைல்கூட ஒட்டுவதற்கு முன், 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை. ‘டைல்ஸ் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

டைல்ஸ் ஒட்டும் நாளில் அரை மணிக்கு ஒரு முறை, அப்போதுதான் வைத்த ஒரு டைலைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கலவை முழுக்கப் படிந்திருந்தால் மறுபடி வைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஒரு பக்கமாவது 38 செ.மீ. நீளமுள்ள பெரிய டைல்ஸுக்குத் தரை 3 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். அடித்தளத்தைச் சமன்செய்யாமல் ஒட்டுக் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்தால் விளிம்புகள் ஒன்றுக்கொன்று தூக்கி நிற்கும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் சிமென்ட் க்ரௌட் அடைக்கக் கூடாது. 5, 6 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் போல் வளைந்துகொடுக்கும் சிலிகோன் சீலன்ட் போட வேண்டும். தரையும் சுவரும் தனித்தனியே அசையும், க்ரௌட் அந்த இடத்தில் விரிசல் விடும்.

திருத்திய வேலைக்கான உத்தரவாதக் காலம், திருத்தி முடித்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: புதிதாகப் பூசிய சுவரில் பெயின்ட் கொப்புளம் விடுகிறது. “அறையில் காற்றோட்டம் இல்லை, அதனால்தான்” என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: 45 செ.மீ. சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி சுவரில் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. புது சிமென்ட் பூச்சு காய ஏறக்குறைய நான்கு வாரம் வேண்டும். பூசிய தேதியும் பட்டி பார்த்த தேதியும் உங்கள் செல்போன் படங்களிலேயே இருக்கும், இடையில் அத்தனை நாள் விட்டார்களா என்று எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பேசிய தொகைக்கு மேல், ‘எக்ஸ்ட்ரா வேலை’ என்று நீளமான பில் வந்திருக்கிறது. எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

பதில்: பில்லை மூன்றாகப் பிரியுங்கள். நீங்கள் கேட்டுச் செய்தவை: அளவும் பொருள் ரசீதும் கேட்டு, நியாயமானதைக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்த வேலைக்குள்ளேயே அடங்கியவை, உதாரணமாக டைல்ஸ் வேலையில் இடுக்கு நிரப்புவது: கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய தவறைத் திருத்த ஆன செலவு: அதையும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினையை எழுதி அனுப்புங்கள். இனிமேல் எந்த மாற்றத்துக்கும் என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும் என்ற மூன்றும் செல்போன் செய்தியிலாவது வந்து, நீங்கள் ‘சரி’ என்ற பிறகே தொடங்கட்டும்.

கேள்வி: அட்வான்ஸ் வாங்கிய கான்ட்ராக்டர் சமையலறையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஆபத்தானவற்றை மூடுங்கள்: திறந்து கிடக்கும் ஒயர்கள், அடைக்காத குழாய் வாய்கள். இந்த அவசர வேலைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். முன்னும் பின்னும் படம் எடுத்தால் போதும். அவர் விட்டுப்போன பொருள்களையும் கருவிகளையும் பட்டியலிட்டு ஒரு பக்கம் வையுங்கள். கோபத்தில் விற்கவோ எறியவோ வேண்டாம்.

பிறகு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலிலும், கூடவே மின்னஞ்சலிலும், ஒரு நோட்டீஸ். நின்றுபோன வேலை எது, எந்தத் தேதிக்குள் திரும்பத் தொடங்க வேண்டும், “தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு மீதியை வேறொருவரிடம் கொடுத்து, கூடுதல் செலவை உங்களிடமே கேட்பேன்” என்று தெளிவாக இருக்கட்டும். அந்தத் தேதி தாண்டியதும், புது ஆள் கை வைப்பதற்கு முன், சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை வைத்து அளவெடுத்து அறிக்கை வாங்குங்கள்: முடிந்தது எவ்வளவு, அதன் மதிப்பு எவ்வளவு, குறை எவை, முடிக்க எவ்வளவு ஆகும். நஷ்டத்தை இந்த நான்கிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அறிக்கை எழுதுபவரே மீதி வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அறிக்கையின் மேல் நம்பிக்கை போய்விடும்.

அவர் உங்களிடம் வாங்கிய பணத்தைப் பொருள் கடைக்கும் கூலிக்கும் கொடுத்தாரா என்றும் விசாரியுங்கள். கொடுக்காவிட்டால், சில இடங்களில் கடைக்காரரும் கூலியாட்களும் வீட்டுக்காரரிடமே அந்தப் பணத்துக்கு உரிமை கோர முடியும். உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் என்றால் உரிமம் கொடுத்த அமைப்பில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் சமரசம் அல்லது மத்தியஸ்தம் என்ற விதி இருந்தால் நீதிமன்றத்துக்கு முன் அதைக் கடக்க வேண்டியிருக்கும். அதற்கும் அப்பால் நுகர்வோர் குறைதீர் அமைப்போ சிறு வழக்குகளுக்கான நீதிமன்றமோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தொகை வரம்பும் காலவரம்பும் உண்டு. காலவரம்பு எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். வக்கீலை முதல் முறை பார்க்கும்போதே அந்தக் கடைசித் தேதியைக் கேட்டு, கோப்பின் மேலட்டையில் எழுதி வையுங்கள்.