20 சதவீதம் மலிவான இ85: மிச்சமா, நட்டமா?

கேள்வி: என்னுடையது பெட்ரோலிலும் எத்தனால் (தாவரங்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கூடுதலாகக் கலந்த எரிபொருளிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃபியூவல் கார். 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10 பெட்ரோலில் லிட்டருக்கு 16 கி.மீ. தருகிறது. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறேன். 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85 லிட்டருக்கு 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது. மாறினால் எரிபொருள் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. கையைத்தான் கடிக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21தான். எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அது ஏற்கெனவே கொஞ்சம் எரிந்துவிட்ட பொருள் மாதிரி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே உள்ளே வரும் அதே காற்றுக்கு, எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கூடுதல் எரிபொருளைத் தெளிக்கிறது. இதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

பெயருக்கேற்ப 85 சதவீத எத்தனால் இருந்தால், இ10-இல் உள்ள ஆற்றலில் சுமார் 74 சதவீதம்தான் அதில் இருக்கும். உங்கள் 16 கி.மீ. 11.8 ஆகிவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மைலேஜ் 26 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 26 சதவீதம் அல்ல, 35 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். ஆண்டுக்கு 750 லிட்டர் போட்ட இடத்தில் 1,017 லிட்டர். 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகும் அதன் விலை 814 லிட்டர் இ10-க்குச் சமம். அதாவது 64 லிட்டர் இ10 வாங்கும் பணம் வீண். டேங்க் சீக்கிரம் காலியாவதால் பெட்ரோல் பங்க்குக்குப் போகும் நடையும் கூடும்.

ஆக்டேன் அதிகமாயிற்றே என்று சொல்வார்கள். உண்மைதான், எத்தனால் நாக்கிங்கை, அதாவது எரிபொருள் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் தட்டுவதை, தாங்கும். ஆனால் டர்போ உள்ள, அல்லது கம்ப்ரெஷன் அதிகமான எஞ்சினுக்கே அதனால் பலன். அப்போதும் இடைவெளி சற்றுக் குறையும், மறையாது. குளிர்ப் பகுதிகளில் குளிர்காலத்தில் கார் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக இ85-இல் எத்தனாலைக் குறைத்துக் கலப்பதும் உண்டு. அந்த மாதங்களில் மைலேஜ் தேறும்.

அதனால் என் 74-ஐ அப்படியே நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். டாஷ்போர்டு காட்டும் மைலேஜ் வெறும் மதிப்பீடு. மாறிய முதல் டேங்க்கில் பழைய பெட்ரோல் கலந்திருக்கும், அதைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்றின் சராசரியை எடுங்கள். இ85 மைலேஜை இ10 மைலேஜால் வகுத்தால் வருவதுதான் உங்கள் காரின் எல்லைக்கோடு. 0.76 வந்தால், இ85 விலை இ10 விலையில் 76 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாளில் மட்டும் அதைப் போடுங்கள். ஃப்ளெக்ஸ் கார் என்பதால் நடுவில் மாற்றிக்கொள்வதில் சிக்கலில்லை.

வீட்டில் ஃப்ளெக்ஸ் அல்லாத வண்டி இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அதில் இ85 ஊற்றாதீர்கள். கலவை லீன் ஆகி (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போய்) எஞ்சின் திணறும். ரப்பர் ஹோஸ், சீல், ஃபியூவல் பம்ப் என்று ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும்.