கொழும்பிலிருந்து சிவனொளிபாதமலை: அம்மாவையும் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கத்தால், எத்தனை மணிக்கு ஏறுவது?

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் இருந்து முதல் தடவை போகிறீர்கள், அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சூரியோதயம் பார்க்க வேண்டும், இரத்தினபுரி கிட்ட என்பதால் அந்தப் பக்கத்தால் ஏறலாமா?

வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக மலையடியில் உள்ள நல்லதண்ணிக்கே போங்கள். வாகன ஓட்டம்தான் இரத்தினபுரிக்குக் குறைவு. அந்தப் பக்கம் ஏறத் தொடங்கும் பலாபத்தலை தாழ்வான இடம். அங்கிருந்து காலால் ஏற வேண்டிய உயரம் நல்லதண்ணியை விடக் கிட்டத்தட்ட இருமடங்கு. மழை பெய்தால் அட்டையும் சேர்ந்துகொள்ளும். நல்லதண்ணியில் இருந்து சுமார் ஏழு கிலோமீற்றர், ஐயாயிரத்துக்கு மேல் படி, உயரத்தில் ஆயிரம் மீற்றர் அளவு. உச்சி 2,243 மீற்றர். தோட்டப் பகுதி என்பதால் கடைகளில் தமிழிலேயே பேசலாம்.

கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலும் உண்டு, அவிசாவளை, கித்துல்கல வழியாக பஸ்ஸும் உண்டு. மழைக்கு மலையகப் பாதைகள் சரிவது வழமை, ஆகவே புறப்பட முன் விசாரியுங்கள். ஹட்டனில் இருந்து நல்லதண்ணிக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் பஸ். பின்னேரமே போய்ச் சேர்ந்து, அறை எடுத்து, நாலைந்து மணித்தியாலம் படுங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கிவிட்டு அப்படியே ஏறுகிறவர்கள்தான் பாதி வழியில் தலைசுற்றிக் குந்துகிறவர்கள்.

பருவகாலம் மார்கழி (டிசம்பர்) போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். மற்ற மாதங்களில் படிக்கட்டு விளக்கு எரியாது, கடைகள் பூட்டு, காற்றும் மழையும் சாமான்யமில்லை. பருவம் தொடங்கும்போது மேலே கொண்டுபோகும், மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் சிலையும் அப்போது அங்கே இருக்காது.

பருவத்துக்குள்ளும் போயா, சனி, ஞாயிறு, நீண்ட விடுமுறை வேண்டாம். கடைசிப் பகுதியான மஹகிரிதம்ப ஒடுக்கமும் செங்குத்துமான படி. சனம் கூடினால் வரிசை அதிலேயே இறுகி, ஒரு படி ஏறப் பல நிமிடம் நிற்க வேண்டிவரும். இடையில் திரும்பி இறங்குவதும் கஷ்டம். செவ்வாய், புதன் போன்ற நாள் பாருங்கள். கூட்டமான நாட்கள்தான் கிடைக்கும் என்றால் சூரியோதயத்தை மறந்துவிட்டு, விடிந்த பிறகு கூட்டம் இறங்கும் நேரத்தில் ஏறுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. எல்லோரும் பிழைவிடுவது இதில்தான். பயத்தில் இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்கி இரண்டு மணிக்கு உச்சியில் நிற்பார்கள். வியர்வையில் நனைந்த ரீசேட், பத்து பாகை அளவு குளிர், மறைப்பே இல்லாத காற்று. நாலு மணித்தியாலம் அப்படி நடுங்கினால் இறங்குவதற்குக் காலே வராது. மாசியில் சூரியன் 6.25 வாக்கில், சித்திரையில் ஆறு மணி வாக்கில் எழும். ஐந்தரைக்கு மேலே இருந்தால் காணும். அம்மாவின் நடைக்கு, இருந்து இருந்து போக, நாலரை மணித்தியாலம் வையுங்கள். ஒரு மணிக்குப் புறப்படலாம். இளசுகள் தனியாக என்றால் இரண்டு, இரண்டேகாலுக்குத் தொடங்கினாலும் பிந்தாது.

ஏறும்போது மெல்லிய உடுப்புப் போதும். சுவெட்டர், தொப்பி, மாற்று ரீசேட் ஆகியவற்றை பையில் வையுங்கள். கடைசித் தேத்தண்ணிக் கடையில் ஈர ரீசேட்டைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டு, அதன்மேல் சுவெட்டர் போடுங்கள். ஈரத்தின் மேல் சுவெட்டரைப் போட்டால் அது வெறும் பாரம். வழியில் உள்ள சீத கங்குலை ஓடையில் முழுகிவிட்டு ஏறுவது மரபு; அம்மாவுக்கு முகம், கை, கால் கழுவினால் போதும், தலை நனைக்க வேண்டாம். அதுவரை பாதை பெரும்பாலும் சாய்வுதான், ஜப்பானியர் கட்டிய சமாதான தாதுகோபுரமும் அந்தப் பகுதியில்தான். அங்கேயே மூச்சு முட்டினால் அம்மாவைத் திருப்பி அறைக்குக் கூட்டிப்போங்கள், அதற்குப் பிறகு படிகள் இரக்கம் காட்டா.

அதற்கு மேலே இந்திகட்டுபானை என்ற இடத்தில் ஊசியும் நூலும் விற்பார்கள். புத்தர் அங்கே காவி தைத்தார் என்ற நம்பிக்கையில், சனம் ஊசியைக் குத்திவிட்டு நூலை அவிழ்த்தபடி ஏறும். விடியப்புறம் பார்த்தால் வெள்ளை நூல் பனியில் நனைந்து கைபிடி நெடுகக் கிடக்கும். இழுத்து அறுக்காதீர்கள்.

உச்சி பௌத்த விகாரை. நாங்கள் சிவன் பாதம் என்று கும்பிட்டாலும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றாலும், அங்கே நடைமுறை விகாரையுடையது. சப்பாத்து, தொப்பி கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பாதம் உள்ள மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது. கல் ஐஸ் மாதிரி இருக்கும், தடித்த மேஸ் ஒரு சோடி கொண்டுபோங்கள். மணியை எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை தரம் அடிப்பது வழமை. உங்களுக்கு ஒன்றுதான்.

சூரியன் எழும்பியதும் கூட்டம் கிழக்குப் பக்கம் கைத்தொலைபேசியோடு நிற்கும். நீங்கள் உடனே மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் நேர்க்கோடு பிடித்த முக்கோணமாகப் பனிமூட்டத்தில் விழுந்திருக்கும். மலை கூர்மையாக இருப்பதால் அல்ல. நீண்டு போகும் நிழல் தூரத்தில் ஒடுங்கித் தெரிவதால் அந்த வடிவம், தண்டவாளம் தூரத்தில் சேர்வது போல. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கிவிடும், ஆகவே தேத்தண்ணி பிறகு.

இறங்க இரண்டரை முதல் மூன்றரை மணித்தியாலம். படிகள் ஒரே உயரமில்லை, முழங்கால் பழுதாவது இறக்கத்தில்தான். அம்மாவைக் கைபிடிப் பக்கம் விட்டு, நீங்கள் ஒரு படி கீழே, அவருக்கு முன்னால் இறங்குங்கள். பிரஷர், சீனிக் குளிசைகளை அறையில் விட்டுவிடாதீர்கள். அன்றே கொழும்புக்கு பஸ் ஏறுவதென்றால் கால் நீட்ட இடமுள்ள ஆசனமாகப் பிடியுங்கள். அறையை இன்னொரு இரவுக்கு வைத்திருந்தால் அதைவிட நல்லம், ஏனென்றால் தொடை பிடிப்பது அடுத்த நாள் காலையில்தான்.